உழைப்பின் எல்லையும் உடலின் மீட்சியும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மனித உடல் தன் ஆற்றலின் எல்லைவரை உழைக்கும்போது அதனுள்ளே நிகழ்வன யாவை, அவ்வுழைப்பின் பின்னர் அது தன்னிலைக்கு மீள்வது எவ்வாறு என்னும் வினாக்கள் நெடுங்காலமாக விளையாட்டரங்கைச் சார்ந்தனவாகவே கருதப்பட்டு வந்தன. நெட்டோட்ட வீரனின் நாடியும் மூச்சும் அளக்கப்பட்டன. அவனது குருதி சோதிக்கப்பட்டது. அவன் உண்ட உணவும் கொண்ட ஓய்வும் ஏடுகளிற் பதிவாயின. ஆயின் உடலின் எல்லையைத் தொட்டு மீள்வோர் விளையாட்டு வீரர் மட்டுமல்லர். வீரன் ஆண்டிற் சில நாள்களே அவ்வெல்லையைத் தொடுகிறான். தொட்ட பின்னர் ஊணும் உறக்கமும் குறைவின்றிப் பெறுகிறான். மலைச்சரிவிற் கூடை சுமந்து கொழுந்து கொய்யும் பெண்ணோ வாழ்நாளின் பெரும்பகுதியை அவ்வெல்லைக்கு அண்மையிலேயே கழிக்கிறாள். அவளது மீட்சியைப் பற்றிய கணக்கு எந்தச் செக்குறோலிலும் இடம்பெற்றதில்லை.

இவ்விரு உலகங்களையும் ஒரே அளவுகோலின்கீழ்க் கொணர்ந்த ஆராய்ச்சி, 1970களில் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்ந்தது. வீரருக்கென வகுக்கப்பட்ட சோதனைமுறை தொழிலாளப் பெண்ணுக்கும் இயைக்கப்பட்டபோது, சோம்பல் என்று தலைமுறை தலைமுறையாக ஏசப்பட்ட ஒன்று, பலரிடத்தில் உண்மையிற் குருதியின் குறைபாடே என்பது புலனாயிற்று. அவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றையும், அதனால் ஊவாத் தோட்டங்களின் வாழ்வைப்பற்றி உணரத்தக்கவற்றையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் மக்களும்

ஊவா, 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. அதன் தலைநகராகிய பதுளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள ஒரு பள்ளத்தாக்கு நகரம். அதனை அணித்தே எழும் நமுனுகுல மலையின் உச்சியோ 2,036 மீற்றர் உயரமுடையது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சரிவுகளிலேதான் ஸ்பிரிங்வெளி முதலிய தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. நகரிலிருந்து மலையை நோக்கிச் செல்லும் பாதையின் ஒவ்வொரு வளைவும் ஓர் ஏற்றமே. ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட கச்சான் காற்று இம்மலைகளின்மேல் வீசும்போது ஊவாத் தேயிலை தனக்கே உரிய மணத்தைப் பெறும் என்பர் தேயிலை வணிகர். உலகச் சந்தையில் அம்மணத்துக்கு விலை உண்டு. அதனைக் கொய்தெடுக்க ஏறியிறங்கும் கால்களின் களைப்புக்கு அங்கே விலை இருந்ததில்லை.

இம்மலைகளில் முதலிற் பயிராயது கோப்பியே. கோப்பிச் செடியை அழித்த இலைநோய் 1869ஆம் ஆண்டிற் பதுளை மாவட்டத்து மடுல்சீமைப் பகுதியிலேதான் முதன்முதலாக இனங்காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளிற் கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது. இப்பயிர் மாற்றம் உழைப்பின் தன்மையையும் மாற்றியது. கோப்பிக்கு ஆண்டிற் சில மாதங்களே மிகுதியான ஆள் வேண்டும். ஆதலின் தமிழகத்திலிருந்து வந்தோருட் பலர் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஏழு முதற் பத்து நாளுக்கு ஒருமுறை ஆண்டு முழுவதும் கொய்யப்பட வேண்டியது. எனவே குடும்பங்கள் நிலையாகக் குடியமர்ந்தன. கொழுந்து கொய்தல் பெரும்பாலும் பெண்களின் தொழிலாயிற்று. கோப்பிக் காலத்திற் பருவத்துக்கொருமுறை வந்த கடும் உழைப்பு, தேயிலைக் காலத்தில் நாள்தோறும் வருவதாயிற்று.

இவர்தம் முன்னோரின் வருகையே நெடுநடையின் வரலாறாகும். மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள் நூறு மைலுக்கும் மேற்பட்ட காட்டுவழியை நடந்து மாத்தளையை அடைந்தனர். ஊவாவிற்குச் செல்வோர் அதன் பின்னரும் கண்டி மலைகளைத் தாண்டிக் கிழக்கு நோக்கி நடந்தனர். பசியும் நீர்வேட்கையும் கொள்ளைநோயும் வாட்ட வழியிலே மடிந்தோர் பலர். புகைவண்டிப் பாதை 1894ஆம் ஆண்டிற் பண்டாரவளையை எட்டியது; பதுளையை அடைய அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன; 1924ஆம் ஆண்டிலேதான் பதுளை நிலையம் திறக்கப்பெற்றது. நடந்து வந்தோருள் உயிர் பிழைத்தவர், களைப்பு நீங்கும் முன்னரே மலையில் இறக்கப்பட்டனர். தோட்ட வாழ்வின் முதல் நாளிலிருந்தே உழைப்பு முதலும் மீட்சி கடையும் ஆயின.

ஒரு நாளின் கணக்கு

விடியுமுன் பிரட்டுக் கொம்பு ஊதப்படும். பிரட்டுக் களத்திற் பேர் கொடுத்து, படங்கை இடையிற் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையிலே தாங்கிப் பெண்கள் மலை ஏறுவர். முற்பகலும் பிற்பகலும் கொழுந்து நிறுக்கப்படும். வகுத்த நிறையை எட்டாதவர்க்கு அரைப்பேரே விழும். அஃதாவது முழுநாளும் நின்றுழைத்தவளுக்கு அரைநாட் கூலியே கிட்டும். மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் விறகும் நீரும் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருக்கும். ஆடவர் மருந்தடித்தும் கவ்வாத்து வெட்டியும் பிற்பகலில் வீடு திரும்பிய பின்னரும் பெண்ணின் வேலை ஓய்வதில்லை.

இவ்வுழைப்பைப் பௌதிகக் கணக்காகவும் நோக்கலாம். 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு பெண் 10 கிலோகிராம் கொழுந்தைச் சுமந்து 100 மீற்றர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். புவியீர்ப்புக்கு எதிராக அவள் செய்யும் வேலை ஏறத்தாழ 59,000 யூல். அது 14 கிலோகலோரிக்குச் சமம். ஆயின் தசையானது தான் எரிக்கும் ஆற்றலின் நான்கிலொரு பங்கையே வேலையாக மாற்றவல்லது. எஞ்சியது வெப்பமாகப் போகும். எனவே அவ்வொரு ஏற்றத்துக்கு மட்டும் உடல் 56 கிலோகலோரி வரை செலவிட வேண்டும். ஒரு நாளில் இத்தகைய ஏற்றங்கள் பல. கொய்யும் கைகளின் ஓயாத அசைவும், சரிவில் நிலைகொள்ளக் கால்தசைகள் படும் பாடும், குளிரைத் தாங்கும் செலவும் இதனுடன் சேரும். இவ்வாற்றல் முழுவதும் உணவிலிருந்து பெறப்பட வேண்டும். அவ்வுணவை எரிக்கும் ஒட்சிசன் முழுவதும் குருதியின் வழியே தசைக்கு எட்ட வேண்டும். இவ்விரண்டில் எது குறையினும் உடல் தளரும்.

ஓட்டக்களத்தின் பாடம்

உடல் தளர்வதன் காரணத்தை அறிவியல் மெல்ல மெல்லவே அறிந்தது. 1908ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இலண்டன் ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் இத்தாலிய வீரர் டொராண்டோ பியெத்ரி முதலாவதாக அரங்கினுள் நுழைந்தார். நுழைந்தவர் திசை தடுமாறினார், பன்முறை வீழ்ந்தார், பிறர் தாங்கிப் பிடிக்க எல்லைக் கோட்டைக் கடந்தமையால் வெற்றியை இழந்தார். அவரது மனவுறுதியை உலகம் வியந்ததேயன்றி, அவரது உடலில் நிகழ்ந்தது யாது என்பதை அன்று எவரும் தெளிவாகக் கூறவல்லராயிலர்.

அதற்கு முன்னாண்டில், 1907இல், கேம்பிரிட்ஜில் பிளெச்சர், ஹொப்கின்ஸ் என்னும் இருவர் தவளையின் தசையைக்கொண்டு ஓர் உண்மையைக் கண்டிருந்தனர். களைத்த தசையில் இலற்றிக் அமிலம் சேர்கிறது. ஒட்சிசன் கிடைத்தவிடத்து அது மறைகிறது என்பதே அது. பின்னர் ஏ. வி. ஹில், ஒட்டோ மெயர்ஹோவ் ஆகியோர் இத்துறையை விரிவாக ஆராய்ந்து 1922ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர். ஹில் தாமே முதுகிற் பையைக் கட்டிக்கொண்டு ஓடி, வெளிவிட்ட மூச்சைச் சேர்த்து அளந்தவர். ஒருவர் எவ்வளவு விரைந்து உழைப்பினும் அவருடல் உட்கொள்ளத்தக்க ஒட்சிசனுக்கு ஓர் உச்ச அளவு உண்டு என்றும், உழைப்பு முடிந்த பின்னரும் மூச்சு விரைந்து நிகழ்வது உடல் தான் பட்ட கடனைத் தீர்ப்பதனாலாகும் என்றும் அவர் கூறினார். அக்கொள்கை பிற்காலத்திற் பலவாறு திருத்தப்பட்டது. இலற்றிக் அமிலம் வெறுங்கழிவன்று, இதயமும் பிற தசைகளும் அதனை எரிபொருளாகவும் கொள்ளும் என்பது இன்று தெளிவு. எனினும், உழைப்பும் மீட்சியும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்ற அவரது அடிப்படை நோக்கு நிலைத்துவிட்டது.

உணவின் பங்கு அடுத்துப் புலப்பட்டது. 1924ஆம் ஆண்டுப் பொஸ்டன் மரதன் ஓட்டத்தின் முடிவில் வீரர் சிலரின் குருதியைச் சோதித்த மருத்துவர், மிகவும் தளர்ந்து வெளிறியோரிடத்துக் குருதிச் சர்க்கரை பெரிதும் தாழ்ந்திருப்பதைக் கண்டனர். மறு ஆண்டில் ஓட்டத்துக்கு முன்னர் மாவுணவை மிகுதியாக உண்ணச் செய்தும் இடையே இனிப்புக் கொடுத்தும் நோக்கியபோது அத்தளர்ச்சி தவிர்க்கப்பட்டது. 1939இல் கிறிஸ்டென்சன், ஹான்சன் என்னும் ஸ்காந்திநேவிய அறிஞர், மாவுணவை மிகுதியாக உண்டவர் கொழுப்புணவை உண்டவரைவிட ஏறத்தாழ மும்மடங்கு நேரம் உழைக்கவல்லராதலை நிறுவினர். 1966இல் பேர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் ஆகிய சுவீடிய மருத்துவர் இருவர் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தினர். ஒரு காலால் மட்டும் மிதிவண்டியை மிதித்து அத்தசையின் கிளைக்கோசனைத் தீர்த்தனர். பின்னர் மாவுணவு உண்டு, ஊசியினால் இரு தொடைத்தசைகளிலுமிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தனர். உழைத்த காலிலே கிளைக்கோசன் முன்னிருந்த அளவையும் விஞ்சி நிரம்பியிருந்தது. ஓய்ந்திருந்த காலில் அவ்வாறில்லை. தக்க உணவும் ஓய்வும் கிடைப்பின், உழைத்த தசை முன்னையினும் வலிமை பெற்று மீளும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மீட்சியின் பல காலங்கள்

இவ்வாராய்ச்சிகளை ஒருங்கே நோக்கின் மீட்சி என்பது ஒரே நிகழ்ச்சியன்று, வெவ்வேறு கால அளவுகளையுடைய பல நிகழ்ச்சிகளின் தொகுதி என்பது விளங்கும். மூச்சும் நாடியும் சில நிமிடங்களிலே தணியத் தொடங்கும். குருதியிற் சேர்ந்த இலற்றிக் அமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற் பெரும்பாலும் நீங்கும். தசையில் தீர்ந்த கிளைக்கோசன் மீண்டும் நிரம்ப, நல்லுணவு கிடைப்பினும், ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். சரிவில் இறங்கும்போது நீண்டவாறே சுருங்கும் தொடைத்தசைகளில் நுண்ணிழைகள் சிதையும். அதனாலாகும் நோவு மறுநாளும் அதற்கடுத்த நாளும் மிகுந்து, பின்னரே தணியும். தசை நோவுக்கு இழைச்சிதைவு காரணமாகலாம் என்பதை அமெரிக்கரான தியோடர் ஹௌ 1902ஆம் ஆண்டிலேயே சுட்டினார். மலையேறுவதைவிட இறங்குவதே மறுநாட் காலை உணரப்படும் என்பது தோட்டத்தார் அனைவரும் அறிந்த செய்தியே.

இவை யாவற்றினும் மெதுவான மீட்சி குருதியினுடையது. செங்குருதிக் கலம் ஒன்றன் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். குருதி இழப்பினாலோ உணவுக் குறையினாலோ உடலின் இரும்புச்சத்து வற்றிவிடின், அது மீண்டும் நிறையப் பல கிழமைகளும் மாதங்களும் வேண்டும். ஓரிரவு உறக்கத்தாலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வாலோ அதனை ஈடுசெய்தல் இயலாது.

மீட்சியை எளிய முறையில் அளக்கும் வழியை வகுத்தது 1927 முதல் 1947 வரை இயங்கிய ஹாவாட் பல்கலைக்கழகக் களைப்பு ஆய்வுகூடம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே உருவாகியதே ஹாவாட் படிச்சோதனை. 20 அங்குல உயரமுள்ள படியில் நிமிடத்துக்கு முப்பது முறையாக ஐந்து நிமிடம் ஏறியிறங்கிய பின்னர், உட்கார்ந்த நிலையில் நாடி எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்று எண்ணுவர். நாடி விரைந்து தணிபவர் உடற்றகுதி மிக்கவர். படைவீரரையும் மாணவரையும் சோதிக்க எழுந்த இம்முறை, பிற்காலத்தில் உலகின் பல நாடுகளிலும் தொழிலாளரின் உழைப்பு வன்மையை அளக்கும் கருவியாயிற்று. படியேறுவதையே தொழிலாகக் கொண்டது போன்ற மலைத்தோட்ட வாழ்வுக்கு இதனினும் பொருத்தமான சோதனை இல்லை எனலாம்.

குருதியைக் குடித்த புழு

தோட்டத் தொழிலாளரின் குருதிச்சோகைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் வரலாற்றுச் சிறப்புடையது கொக்கிப்புழு. 1880ஆம் ஆண்டளவில் அல்ப்ஸ் மலையைக் குடைந்து சென் கொத்தார்டுச் சுரங்கப்பாதை அமைத்த தொழிலாளரிடையே கொடிய சோகை பரவியது. இத்தாலியரான பெரொஞ்சித்தோ அதற்குக் காரணம் கொக்கிப்புழுவே எனக் காட்டினார். 1902இல் சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழைகளிடையே அதே புழு பெருகியிருப்பதை எடுத்துரைத்தபோது, செய்தித்தாள்கள் அதற்குச் 'சோம்பற் கிருமி' என்று பெயரிட்டன. நகைப்புக்காக இடப்பட்ட பெயராயினும் அதிலொரு பேருண்மை பொதிந்திருந்தது. மக்களின் இயல்பு என்று கருதப்பட்ட மந்தத்தன்மை ஒரு நோயின் குறியாதல் கூடும் என்பதே அவ்வுண்மை. 1909இல் றொக்பெல்லர் நன்கொடையுடன் அங்கே தொடங்கிய ஒழிப்பு முயற்சி, விரைவிற் கடல் கடந்து பரவியது. இலங்கையில் 1916ஆம் ஆண்டில் தோட்டங்களை மையமாகக் கொண்டு அது ஆரம்பமாயிற்று. தொழிலாளர்க்குப் பேதிமருந்துடன் புழுமருந்து கொடுக்கப்பட்டது. மலசலகூடங்கள் அமைக்குமாறு தோட்டங்கள் வற்புறுத்தப்பட்டன. மருந்து புழுவை அகற்றியது. ஆயின் மலசலகூடமில்லா லயங்களும் செருப்பறியாப் பாதங்களும் இருந்தவரை புழு மீண்டும் மீண்டும் உடலிற் புகுந்தது.

அப்புழு விளைக்கும் கேட்டினை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். இலங்கையிற் பெரிதும் காணப்படும் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் குருதியைக் கவரும். நூறு புழுக்கள் 3 மில்லிலீற்றரைக் கவரும். ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. எனவே நாளிழப்பு ஒன்றரை மில்லிகிராம். இழந்ததில் ஒரு பகுதியைக் குடல் மீளக் கொள்ளுமாயினும், மாதவிடாயும் பிள்ளைப்பேறும் முலையூட்டலும் பெண்ணிடமிருந்து வேறாகவும் இரும்பைக் கொள்கின்றன. வரவோ மிகச் சிறிது. சோறும் ரொட்டியும் சம்பலுமாகிய உணவில் இரும்பு இருப்பினும் அதில் இருபதிலொரு பங்குகூட உடலிற் சேர்வது அரிது. இதிலே மற்றொரு முரணும் உண்டு. உணவுடன் அருந்தும் தேநீர் அதன் துவர்ப்புப் பொருள்களால் இரும்பு உறிஞ்சப்படுவதைப் பெரிதும் தடுக்கும் என்பதனை 1975இல் தென்னாபிரிக்க மருத்துவர் நிறுவினர். தான் கொய்த இலையின் தூளிலே தயாரித்த தேத்தண்ணீரை ரொட்டியுடன் பருகும் பெண், தன் குருதிக்கு வரவேண்டிய இரும்பையே அதனால் இழக்கிறாள்.

ஓட்டக்களத்துச் சோதனை தோட்டத்துக்கு வருதல்

ஈமோகுளோபின் ஒரு கிராம் ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கவல்லது. 100 மில்லிலீற்றர் குருதியில் 14 கிராம் ஈமோகுளோபின் உடையவர் அதனால் ஏறத்தாழ 19 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமப்பார். 7 கிராம் உடையவர் அதிற் பாதியையே சுமப்பார். ஹில் கூறிய உச்ச அளவு இங்கே குருதியின் வறுமையால் தாழ்ந்துபோகிறது. இதயம் விரைந்து துடித்து அக்குறையை நிரப்ப முயலும். ஓரளவுக்கு மேல் அம்முயற்சியும் பயன்தராது.

இக்கொள்கை இலங்கைத் தோட்டப் பெண்களின் உடலிலேயே சோதித்து அறியப்பட்டது. கண்டியில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய பிறையன் செனவிரத்னவும், கலிபோர்ணியாவைச் சேர்ந்த எட்ஜேட்டன், கார்ட்னர் முதலிய உடற்றொழிலியல் அறிஞரும் இம்முயற்சியில் இணைந்தனர். 1977இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 75 பெண்கள் இடம்பெற்றனர். அவர்தம் ஈமோகுளோபின் 100 மில்லிலீற்றருக்கு 6.1 கிராம் முதல் 15.9 கிராம் வரை வேறுபட்டிருந்தது. ஓட்டவீரரைச் சோதிக்கும் சுழல்பட்டைப் பொறியில் அப்பெண்கள் நடக்கச் செய்யப்பட்டனர். படிப்படியாக வேலையின் கடுமை கூட்டப்பட்டது. ஈமோகுளோபின் குறையக் குறைய அவர்கள் தாங்கிய நேரமும் குறைந்தது. ஒரே அளவான வேலைக்குச் சோகையுற்றோரின் இதயம் மிகுதியாகத் துடித்தது. எளிய வேலையின் பின்னரே அவர்தம் குருதியில் இலற்றிக் அமிலம் உயர்ந்து நின்றது. வீரன் தன் முழுவிசையுடன் ஓடியபின் அடையும் நிலையின் சாயலைச் சோகையுற்ற பெண் சாதாரண ஏற்றத்திலேயே அடைந்தாள் என்பதே இதன் பொருள்.

1979ஆம் ஆண்டிற் பிரித்தானிய மருத்துவ இதழில் எட்ஜேட்டன், கார்ட்னர், ஒஹிரா, குணவர்தன, செனவிரத்ன ஆகியோர் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. தொழிலாளருட் சிலர்க்கு இரும்புச்சத்தும் சிலர்க்கு வெற்று மருந்தும் கொடுத்து, ஒவ்வொருவரும் நாளொன்றுக்குக் கொய்த கொழுந்தின் நிறை பார்க்கப்பட்டது. ஒரு மாதத்தின் பின்னர், இரும்பினால் ஈமோகுளோபின் உயர்ந்தவர் மற்றோரினும் குறிப்பிடத்தக்க அளவு மிகுதியாகக் கொய்தனர். ஈமோகுளோபின் 6 கிராமுக்கும் 9 கிராமுக்கும் இடைப்பட்டோரிடத்தே முன்னேற்றம் மிகுந்திருந்தது. ஆய்வாளர் இதனுடன் அமையவில்லை. தொழிலாளரின் அன்றாட உடலசைவுகளை நான்கு மணி நேரமும், சிலரிடத்து இருபத்துநான்கு மணி நேரமும், இடைவிடாது பதிவுசெய்தனர். மூன்று கிழமைகளில் இரும்பு பெற்றோரின் இயக்கம் வெற்று மருந்து பெற்றோரின் இயக்கத்தைவிட மிகுந்தது. அதே லயம், அதே மலை, அதே கூலி. மாறியது குருதி ஒன்றே. குருதி மாறியதும் 'சோம்பலும்' குறைந்தது.

அதே 1979இல் இந்தோனேசிய இறப்பர்த் தோட்டங்களில் நிகழ்ந்த ஆய்வொன்றின் முடிவும் வெளியாயிற்று. அங்கே பாலெடுக்கும் தொழிலாளர்க்கு அறுபது நாள் இரும்புச்சத்துக் கொடுத்து, ஹாவாட் படிச்சோதனையாலும் எடுத்த பாலின் அளவாலும் சோதித்தனர். சோகை நீங்கியவரின் நாடி விரைந்து தணிந்தது. அவர்தம் உழைப்பும் நலமுடையோரின் உழைப்போடு ஒத்ததாயிற்று. போர்வீரர்க்கென வகுத்த படி, தோட்டத் தொழிலாளியின் நோயை அறிவிக்கும் கருவியாக மாறிய வரலாறு இதுவாகும்.

ஆராயத்தக்கது

மேற்கூறிய ஆய்வுகள் நிகழ்ந்த காலத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளிடையே பங்கிடப்பட்டு நின்ற மக்கள் இவர்கள். 1970களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது, நிலமற்ற தோட்டத்து மக்களே மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டனர். 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் பெரிதும் உயர்ந்தது. கிராமத்தான் பசித்தபோது வளவில் ஒரு பலாமரமோ மரவள்ளிக் கிழங்கோ உதவியது. லயத்தானுக்கு அதுவும் இல்லை. உழைப்பைக் குறைக்காமல் உணவை மட்டும் குறைத்த ஆண்டுகள் அவை. பேர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் காட்டிய மீட்சி விதியின் மறுதலையான சோதனை, எவரும் திட்டமிடாமலே, மலைநாடு முழுவதும் நிகழ்ந்தது எனலாம்.

இவ்விடத்தே ஓர் எதிர்வாதம் எழக்கூடும். 1979ஆம் ஆண்டு ஆய்வு கொழுந்தின் நிறையையே அளந்தது; தொழிலாளரின் உடல்நலம் தோட்டத்தின் இலாபத்துக்காகவே பேணப்பட வேண்டும் என்னும் கருத்துக்கு அது இடமளிக்காதோ என்று வினவலாம். அவ்வச்சம் முற்றும் பொருளற்றதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோட்டங்களுக்கு மருத்துவ வசதி செய்த சட்டங்களும் உழைக்கும் கைகளைக் காத்தற்பொருட்டே பெரிதும் எழுந்தன. ஆயின் அவ்வாய்வின் இரண்டாம் பகுதியை மறத்தலாகாது. இருபத்துநான்கு மணி நேரப் பதிவு, தராசின்முன் நிற்கும் பெண்ணை மட்டுமன்றி, லயத்துக்குத் திரும்பிய பெண்ணையும் நோக்கியது. குருதி நிறைந்தபோது மலையில் மட்டுமன்று, தன் பொழுதிலும் அவள் மிகுதியாக இயங்கினாள். கூலி கொடுப்போர்க்கு உரியதல்லாத அவ்வலிமை அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் உரியது. இரும்புச்சத்தின் முதற்பயன் அதுவே. கொழுந்தின் நிறை அதன் பின்னரே வைத்து எண்ணத்தக்கது.

மேலும், இரும்புக் குளிசை ஒன்றே மருந்து என எண்ணுதலும் தவறாகும். குளிசை கொடுத்து நிறையை மட்டும் உயர்த்தின், நிரம்பிய குருதி மீண்டும் வற்றும். வீரனின் பயிற்சியாளன் ஓட்டத்தை மட்டும் திட்டமிடுவதில்லை. ஓட்டத்துக்குப் பின்வரும் உணவையும் உறக்கத்தையும் ஓய்வு நாளையும் அதே கவனத்துடன் திட்டமிடுகிறான். தோட்டத்திலோ பிரட்டு வேளையும் நிறையும் எழுத்தில் வரையறுக்கப்பட்டன; மீட்சி அவரவர் விதிக்கு விடப்பட்டது. 1984ஆம் ஆண்டிலேதான் ஆண் பெண் இருபாலார்க்கும் சமகூலி கிட்டியது என்பதை எண்ணும்போது, நீண்ட நாளைப் பெற்றவளே நெடுங்காலம் குறைந்த கூலியையும் அதனாற் குறைந்த உணவையும் பெற்றாள் என்பது தெளிவு. சீரான குடிநீரும் மலசலகூடமும், காலுக்குச் செருப்பும், பருப்பும் கீரையும் மீனும் அடங்கிய உணவும், தேநீரை உணவோடன்றிச் சற்றுப் பிந்தி அருந்தும் வழக்கமும், கருவுற்ற நாளிற் போதிய ஓய்வும் ஒருங்கு அமைந்தாலன்றிக் குருதியின் மீட்சி நிலைபெறாது.

ஸ்பிரிங்வெளிச் சரிவுகளில் ஏறும் பெண்ணை ஒலிம்பிக் வீரனோடு ஒப்பிடுதல் புகழ்ச்சியுரையன்று. அது ஓர் அளவீடு. இருவர் தசையும் ஒரே விதிக்கு உட்பட்டன. இருவர் குருதியும் ஒரே பொருளாற் சிவந்தன. வீரன் வீழ்ந்தபோது உலகம் காரணம் தேடியது. தொழிலாளி தளர்ந்தபோது அரைப்பேர் போட்டது. அறிவியல் அவ்வேற்றுமையை ஏற்கவில்லை. களைப்பைக் குணக்கேடாகக் கருதாது அதன் காரணத்தை உடலிலும் உணவிலும் வாழ்நிலையிலும் தேடுதல் வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சி வரலாறு புகட்டும் பாடம். உழைப்பை அளந்து கூலி கொடுக்கும் எந்தச் சமுதாயமும் மீட்சிக்குரிய காலத்தையும் உணவையும் அக்கணக்கிற் சேர்த்தாலன்றி, அதன் கணக்கு முழுமை பெறாது.